மாற்று உறுப்பைத் தாக்கும் எதிர்ப்பொருள்களைத் தப்பவிடாமல் கண்டறிய: ஆய்வகத்தில் திருத்த வேண்டியவை

குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணிக்கு அவருடைய கணவர் சிறுநீரகம் தருவதாக இருந்தது. படிவத்தில் குழந்தைகள் இரண்டு என்று எழுதப்பட்டிருந்தது. எத்தனை முறை கருவுற்றார் என்ற கட்டத்திலும் யாரோ அதே இரண்டை நிரப்பியிருந்தார்கள். இரத்தம் எடுக்கும் நாற்காலியில் அவர் உட்கார்ந்த பிறகு எங்கள் மூத்த பெண் டெக்னீஷியன், குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, எத்தனை தபா முழுகாம இருந்தீங்க?" என்று கேட்டார். "நாலு தபாங்க. மூத்தது ஏழு மாசத்துல தவறிடுச்சு, நடுவுல ஒண்ணு மூணு மாசத்துல கலைஞ்சிடுச்சு" என்று பதில் வந்தது. தலைப்பிரசவத்தின்போது இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றிய செய்தி அதற்குப் பிறகுதான் வெளிவந்தது.

கருவிலிருக்கும் குழந்தை தந்தையின் திசு அடையாளங்களில் பாதியைத் தாங்கியிருக்கிறது. ஒவ்வொரு கர்ப்பமும், அது பிரசவத்தில் முடிந்தாலும் இடையில் கலைந்தாலும், அந்த அடையாளங்களைத் தாயின் உடலுக்கு அறிமுகம் செய்து வைக்கிறது. அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகும் இரத்தத்தில் இருக்கலாம், அல்லது நினைவுச் செல்களில் உறங்கிக்கொண்டிருந்து கணவரின் சிறுநீரகம் பொருத்தப்பட்ட சில நாட்களில் எழுந்துகொள்ளலாம். ஆகவே மேற்சொன்ன பெண்மணியின் பரிசோதனையில் எதிர்ப்பொருள் இல்லை என்று கருவி சொல்லியிருந்தால், இரண்டு என்று எழுதிய படிவத்தை வைத்துக்கொண்டு அதை நம்பியிருப்போம்; நான்கு என்ற பதிலை வைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்திருப்போம்.

பரிசோதனையைச் செம்மைப்படுத்த வேண்டும் என்றவுடன் புதிய கருவியைப் பற்றியே பேச்சு எழுகிறது. வேலூரைச் சுற்றி இந்தத் துறையில் வேலை பார்த்த அனுபவத்தில் நான் சொல்லக்கூடியது, தவறுகளின் பெரும்பகுதி கருவிக்கு வெளியே நடக்கிறது என்பதுதான். கருவி ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண்ணுக்கு முன்னால் சீரத்துக்கு (இரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த திரவம்) என்ன நடந்தது, அந்த எண்ணை எதனோடு ஒப்பிட்டுப் படித்தோம் என்ற இரண்டு இடங்களையும் எப்படித் திருத்துவது என்பதை, ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கும் இத்துறைக்குப் புதிதாக வரும் டெக்னீஷியன்களுக்குமாக இங்கே எழுதுகிறேன்.

எதைத் தேடுகிறோம்

ஆறாம் குரோமோசோமில் அமைந்த எச்.எல்.ஏ. மரபணுக்கள் உருவாக்கும் புரதங்கள்தான் மாற்று உறுப்பின் முகவரி அட்டை. ஏ, பி, சி ஆகியவை முதல் வகுப்பு, டி.ஆர்., டி.க்யூ., டி.பி. ஆகியவை இரண்டாம் வகுப்பு. நோயாளியின் சீரத்தில் கொடையாளியின் எச்.எல்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தால் உறுப்பு சில நிமிடங்களில் கறுத்துப்போகலாம், அல்லது பல ஆண்டுகளில் மெல்லத் தேய்ந்து செயலிழக்கலாம்.

இதை முதன்முதலில் அசைக்க முடியாத எண்ணிக்கையோடு காட்டியவர்கள் பட்டேலும் டெராசாகியும். 1969-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில் 225 சிறுநீரக மாற்றுகள் இடம்பெற்றன. கிராஸ்மேட்ச் (கொடையாளியின் செல்லை நோயாளியின் சீரம் தாக்குகிறதா என்று பார்க்கும் சோதனை) பாசிட்டிவாக இருந்த 30 பேரில் 24 பேருக்குச் சிறுநீரகம் உடனடியாகச் செயலிழந்தது. நெகட்டிவாக இருந்த 195 பேரில் 8 பேருக்கு மட்டுமே அவ்வாறு நேர்ந்தது. வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1971-இல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தபோது உலகெங்கும் கையிலிருந்த முக்கியக் கருவி அந்தக் கிராஸ்மேட்ச்தான்: கொடையாளியின் லிம்ஃபோசைட் (டி செல், பி செல் என்ற வெள்ளணுக்கள்), நோயாளியின் சீரம், முயலின் காம்ப்ளிமென்ட் (எதிர்ப்பொருள் பற்றிய செல்லைக் கொல்லும் இரத்தப் புரதங்கள்) மூன்றையும் ஒரு சிறு குழியில் கலந்து, செல்கள் சாகின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்ப்பது.

பிறகு 1980-களில், செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் படிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி கிராஸ்மேட்சுக்கு வந்தது. 2000-களில் லூமினெக்ஸ் பீட் முறை வந்தது. இதில் ஒவ்வொரு நிறச் சாயலும் கொண்ட நுண்மணியின் மேல் ஒரே வகை எச்.எல்.ஏ. மூலக்கூறு ஒட்டப்பட்டிருக்கும். சீரத்தில் அதற்கான எதிர்ப்பொருள் இருந்தால் அது மணியைப் பற்றிக்கொள்ளும். அதன் மேல் ஒளிரும் இரண்டாம் எதிர்ப்பொருளைச் சேர்க்கும்போது கருவியின் ஒரு லேசர் மணி எது என்றும், மற்றொன்று அது எவ்வளவு ஒளிர்கிறது என்றும் படிக்கும். அந்த ஒளிர்வின் இடைநிலை மதிப்பைத்தான் எம்.எஃப்.ஐ. என்கிறோம். அது ஒளியின் அளவு. எதிர்ப்பொருளின் அளவாக அதை எடுத்துக்கொள்வதிலிருந்துதான் பல பிழைகள் தொடங்குகின்றன.

ஊசி குத்துவதற்கு முன்

படிவத்தை மாற்றுவதிலிருந்து தொடங்குங்கள். 'குழந்தைகள்' என்ற ஒரு கட்டத்துக்குப் பதிலாக, பிரசவம், குறைப்பிரசவம், கலைந்தது, கலைத்தது என்று தனித்தனியாகக் கேளுங்கள். கேட்பவர் பெண்ணாக இருக்கட்டும். மாமியாரும் கணவரும் சற்றுத் தள்ளி உட்காரட்டும். திருமணத்துக்கு முந்தையதோ முதல் கணவரோடு இருந்தபோது நேர்ந்ததோ எதுவானாலும் அது வெளியே போகாது என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். காட்பாடியில் இறங்கி வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்களுக்கு அவர்களுடைய மொழியில் கேட்க ஒருவர் தேவை; சைகையால் கேட்கப்பட்ட கர்ப்ப வரலாற்றை நான் வரலாறாகக் கணக்கிடுவதில்லை.

இரத்தம் ஏற்றிய தேதிகளை டயாலிசிஸ் பிரிவிலிருந்து நேரடியாகப் பெற வேண்டும். நோயாளிக்கு எண்ணிக்கை நினைவிருப்பதில்லை, பல நேரம் வேறு ஊர் மருத்துவமனையில் ஏற்றியிருப்பார்கள். இரத்தம் ஏற்றிய மறுவாரமே எடுத்த மாதிரியில் எதிர்ப்பொருள் இல்லை என்றால் அதற்குப் பொருள் அதிகமில்லை. குறைந்தது 14 நாட்கள் கழித்து மீண்டும் ஒரு மாதிரி எடுங்கள். வெள்ளணு நீக்கிய இரத்தம் ஏற்றப்பட்டிருந்தாலும் இந்த விதியைத் தளர்த்தக் கூடாது, ஏனென்றால் வடிகட்டி அபாயத்தைக் குறைக்கிறதே தவிர அகற்றுவதில்லை. முந்தைய உறுப்பு மாற்று இருந்தால் அந்தக் கொடையாளியின் எச்.எல்.ஏ. விவரத்தைத் தேடிப் பிடிப்பது ஒரு தனி வேலை. பழைய கோப்பு எங்கோ ஒரு மருத்துவமனையில் தூங்கிக்கொண்டிருக்கும், ஆனாலும் அது கிடைத்தால் பத்துப் பரிசோதனைகளுக்குச் சமம்.

மருந்துகளையும் அதே படிவத்தில் எழுதுங்கள். பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் கொடுத்திருந்தால் அது கொடையாளியின் பி செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு கிராஸ்மேட்சைப் பொய்யாகப் பாசிட்டிவ் ஆக்கும். ஆறு மாதங்களுக்குப் பிறகும் இப்படி நடக்கலாம். ஏ.டி.ஜி. (டி செல்களை அழிக்கும் எதிர்ப்பொருள் மருந்து) கொடுத்திருந்தால் டி செல்லும் பி செல்லும் இரண்டுமே பாசிட்டிவ் ஆகலாம். ஐ.வி.ஐ.ஜி. (நரம்பு வழியே ஏற்றும் எதிர்ப்பொருள் தொகுப்பு) ஏற்றுவதாக இருந்தால் ஏற்றுவதற்கு முன்னால் மாதிரி எடுக்க வேண்டும். பிளாஸ்மா மாற்றும் சிகிச்சையிலும் அப்படியே. சிகிச்சை முடிந்த உடனே எடுத்த இரத்தம் குறைந்த எண்ணைக் காட்டி எல்லோரையும் மகிழ்விக்கும், இரண்டு நாட்களில் எதிர்ப்பொருள் திசுக்களிலிருந்து இரத்தத்துக்குத் திரும்பிவிடும்.

குழாயிலிருந்து சீரம் வரை

வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் தொழில் தெரிந்தவர்களைக் கேட்டால், பச்சைத் தோலை உரிய நேரத்தில் உப்பிட்டு வைக்காதவனை எந்தத் தொட்டியும் காப்பாற்றாது என்பார்கள். சீரமும் அப்படித்தான்.

டயாலிசிஸ் நோயாளியிடம் டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்னால் இரத்தம் எடுங்கள். முடிந்த பிறகு எடுத்தால் அதிலிருக்கும் ஹெப்பாரின் இரத்தத்தை முழுமையாக உறைய விடாது. தெளிந்தது போலத் தோன்றும் சீரத்தில் ஃபைப்ரின் இழைகள் மிதந்து மணிகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்துவிடும். சீரத்துக்கான சிவப்பு மூடிக் குழாயில் எடுத்து, அறை வெப்பத்தில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் உறைய விட்டு, பிறகு சுழற்றுங்கள். அவசரப்பட்டுப் பத்து நிமிடத்தில் சுழற்றினால் அதே இழைகள் வரும்.

கொடையாளியின் செல்கள் வேறு கதை. அவற்றை உறைதலைத் தடுக்கும் ஏ.சி.டி. குழாயிலோ சோடியம் ஹெப்பாரின் குழாயிலோ எடுத்து அறை வெப்பத்திலேயே அனுப்ப வேண்டும். ஐஸில் புதைத்து அனுப்பக் கூடாது. அறை வெப்பம் என்பதற்கு நம் ஊரில் ஒரு குறிப்பு எழுத வேண்டியிருக்கிறது. அக்னி நட்சத்திர நாட்களில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுகிறது. திருவண்ணாமலையிலிருந்தோ சித்தூரிலிருந்தோ இருசக்கர வாகனத்தின் பெட்டியில் வரும் குழாய் அதைவிடச் சூடாக இருக்கும். 20 முதல் 25 டிகிரி என்பதே நாம் சொல்லும் அறை வெப்பம். வெப்பம் காக்கும் பெட்டியில், குளிர்விக்கப்பட்ட ஜெல் பொதியைக் குழாயோடு நேரடியாகத் தொடாதபடி துணியில் சுற்றி வைத்து, உள்ளே ஒரு சிறு வெப்பமானியும் வைத்தால் போதும். வந்து சேர்ந்த வெப்பநிலையைப் பதிவேட்டில் எழுதுங்கள். செல்களின் உயிர்ப்பு 80 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அந்தக் கிராஸ்மேட்சைப் படிக்காமல் புதிய மாதிரி கேளுங்கள்.

சீரத்தைச் சிறு சிறு குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரு குழாய் ஒரு முறை மட்டுமே உருகட்டும். உறைந்து உருகி மறுபடி உறைந்த சீரத்தில் எதிர்ப்பொருள்கள் திரண்டு கட்டியாகும். அந்தக் கட்டிகள் எல்லா மணிகளின் மேலும் ஒட்டிப் பின்னணி ஒளிர்வை உயர்த்தும். பரிசோதனைக்கு எடுக்கும் ஒவ்வொரு சீரத்தையும் வேகமாகச் சுழற்றி, அடியில் படிந்ததைத் தொடாமல் மேலே உள்ளதை மட்டும் எடுப்பதை வழக்கமாக்குங்கள். பத்து நிமிட வேலை. எங்கள் மறுபரிசோதனைகளை இதைவிட அதிகமாகக் குறைத்த வேறொரு மாற்றத்தை நான் பார்த்ததில்லை.

எண் குறைத்துக் காட்டும்போது

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உயிரைப் பறிக்கக்கூடிய பிழை இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

எதிர்ப்பொருள் அதிகமானால் எம்.எஃப்.ஐ. உயரும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறோம். ஒரு கட்டத்துக்கு மேல் அது தலைகீழாகிறது. மணியின் மேல் எதிர்ப்பொருள்கள் நெருக்கமாகப் படிந்தால் சீரத்திலேயே இருக்கும் காம்ப்ளிமென்டின் சி1 அவற்றைப் பற்றிக்கொள்கிறது. அங்கிருந்து சி4, சி3 ஆகியவற்றின் துண்டுகள் மணியின் மேல் குவிந்து, ஒளிரும் இரண்டாம் எதிர்ப்பொருள் நெருங்க முடியாதபடி மூடிவிடுகின்றன. விளைவு, மிக ஆபத்தான எதிர்ப்பொருள் மிகச் சாதாரணமானதாகத் தெரிகிறது. இதைப் புரோசோன் விளைவு என்கிறோம்.

என் கையாலேயே நடந்ததைச் சொல்கிறேன். மூன்று பிள்ளை பெற்று, ஒரு சிறுநீரக மாற்றும் தோல்வியுற்ற ஒரு தாயின் சீரத்தை எந்த முன்தயாரிப்பும் இல்லாமல் ஓட்டினேன். டி.க்யூ. மணி ஒன்றில் எம்.எஃப்.ஐ. 1,800 சொச்சம். பலவீனமான பாசிட்டிவ் என்று வரைவு அறிக்கை எழுதிவிட்டேன். இப்படிப்பட்ட வரலாற்றுக்கு இந்த எண் பொருந்தவில்லையே என்று எங்கள் மேற்பார்வையாளர் சொன்னதால், மறுநாள் அதே சீரத்தை ஒன்றுக்குப் பத்து என்று நீர்த்து ஓட்டினேன். அதே மணி 14,000-ஐத் தாண்டியது. பத்து மடங்கு நீரைச் சேர்த்த பிறகு எட்டு மடங்கு உயர்ந்த எண்ணைத் திரையில் பார்த்தபோது, கிழித்துப் போட்ட வரைவு அறிக்கை எங்கே போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இதைத் தடுக்க மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, சீரத்தோடு ஈ.டி.டி.ஏ. சேர்ப்பது, பத்து மில்லிமோலார் அளவிலான இறுதிச் செறிவு பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது. அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் சி1 சிதறிவிடுகிறது, சங்கிலி தொடங்குவதே இல்லை. மலிவானது, நேரமும் எடுக்காது. இதை எல்லாச் சீரத்துக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சந்தேகம் வந்தால் மட்டும் சேர்ப்போம் என்ற ஏற்பாட்டில் சந்தேகம் வராத சீரம்தான் ஏமாற்றும். இரண்டாவது, 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குவது. இது காம்ப்ளிமென்டைச் செயலிழக்கச் செய்யும். ஆனால் வெப்பக்குளியலின் வெப்பமானி நேர்மையாக இருக்க வேண்டும். வெப்பம் கூடிப்போனால் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருள் வகை திரண்டு பின்னணி கூடும். மூன்றாவது, நீர்ப்பது. ஈ.டி.டி.ஏ. காம்ப்ளிமென்ட் தடையைத்தான் நீக்கும். மணியின் மேல் இடமே இல்லாமல் எதிர்ப்பொருள் நிறைந்துவிட்ட நிலையை அதனால் காட்ட முடியாது. 20,000 என்று காட்டும் இரண்டு சீரங்களில் ஒன்று, ஒன்றுக்குப் பதினாறு நீர்த்தவுடன் மறைந்துவிடும். மற்றொன்று அசையாமல் நிற்கும். பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையால் எதிர்ப்பொருளைக் குறைக்க முடியுமா என்று மருத்துவர் கேட்கும்போது அவருக்குத் தேவைப்படும் விடை இந்த நீர்த்தல் வரிசையில்தான் இருக்கிறது. ஆகவே வரலாறு கனமாக உள்ளவர்களுக்கும், எதிர்ப்பொருள் குறைப்புச் சிகிச்சையில் உள்ளவர்களுக்கும் ஈ.டி.டி.ஏ.வோடு குறைந்தது ஒரு நீர்த்தலையும் சேர்த்து ஓட்டுங்கள்.

எண் குறைவதற்கு இன்னொரு காரணம் பங்குபோவது. ஏறக்குறைய எல்லா எச்.எல்.ஏ.-பி மூலக்கூறுகளும் பி.டபிள்யூ.4 அல்லது பி.டபிள்யூ.6 என்ற இரண்டில் ஒரு பொது அடையாளத்தைத் தாங்குகின்றன. நோயாளியிடம் பி.டபிள்யூ.6-க்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தால், குழியில் இருக்கும் பல பத்து மணிகள் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் நடுத்தரமான எண்ணையே காட்டும். கொடையாளியின் செல்லிலோ அந்த எதிர்ப்பொருள் முழுவதும் ஒரே இடத்தில் இறங்கும். பந்தியில் நூறு இலை போட்டால் ஒவ்வோர் இலைக்கும் விழும் கறியைப் பார்த்துச் சட்டியில் இருந்ததை அளக்க முடியாது. ஆகையால் தனி மணியின் எண்ணைப் பார்ப்பதற்கு முன் மணிகளின் கூட்டத்தைப் பாருங்கள்: ஒளிர்பவை எல்லாம் ஒரே பொது அடையாளத்தைத் தாங்குகின்றனவா? டி.ஆர்.51, 52, 53 ஆகியவற்றிலும் இந்தக் கண்ணோட்டம் தேவை. டி.ஆர்.4, 7, 9 உள்ள கொடையாளியிடம் டி.ஆர்.53 இருக்கும், அதைத் தனியாக வகையறியவில்லை என்பதற்காக அது இல்லாமல் போய்விடாது.

எண் கூட்டிக் காட்டும்போது

ஆணாக இருப்பார், இரத்தம் ஏற்றியிருக்க மாட்டார், முந்தைய மாற்றும் இல்லை; ஆனாலும் இரண்டு மூன்று மணிகள் ஒளிரும். மணியில் ஒட்டும்போது சில எச்.எல்.ஏ. மூலக்கூறுகள் உருக்குலைந்து, செல்லின் மேல் வெளிப்படாத பகுதிகளைக் காட்டத் தொடங்குகின்றன. அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள் உறுப்புக்குத் தீங்கு செய்வதாகத் தெரியவில்லை. இதைப் பிரித்தறிய எளிய வழி, நோயாளியின் சொந்த எச்.எல்.ஏ.வைத் தாங்கிய மணிகளைப் பார்ப்பது. தன் உடலுக்கே எதிரான எதிர்ப்பொருள் இருப்பது போல அவை ஒளிர்ந்தால் அந்த ஓட்டத்தில் ஏதோ கோளாறு. பிறகு, ஒரே ஆன்டிஜெனின் வெவ்வேறு அலீல்களை (மரபணு வடிவங்களை) தாங்கிய மணிகள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அதன் பிறகும் ஐயம் இருந்தால் கொடையாளியின் செல்களோடு ஃப்ளோ கிராஸ்மேட்ச் செய்து பாருங்கள். செல்லின் மேல் உள்ள புரதம் உருக்குலையாதது.

எச்.எல்.ஏ. எதுவும் ஒட்டாத எதிர்மறைக் கட்டுப்பாட்டு மணியின் எண் உயர்ந்திருந்தால் சீரமே ஒட்டும் தன்மை உடையது என்று பொருள். உறிஞ்சு மணிகளால் அதைச் சுத்தம் செய்து மறுபடி ஓட்டுங்கள். நேர்மறைக் கட்டுப்பாட்டு மணியின் எண் வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால் இரண்டாம் எதிர்ப்பொருள் போதவில்லை, அல்லது கழுவுவதில் குறை. அந்த ஓட்டத்தில் வந்த எந்த நெகட்டிவையும் நம்பாதீர்கள்.

கழுவும் கை

ஒரே சீரம், ஒரே நாள், இரண்டு டெக்னீஷியன்கள். ஒருவருக்கு 6,000, மற்றவருக்கு 4,200. இந்த வேறுபாட்டைக் கருவியில் தேடி ஒரு வாரம் வீணாக்கியிருக்கிறோம். பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது: ஒருவர் தட்டைக் கவிழ்த்து உதறும்போது ஒரே வீச்சில் உதறிவிட்டு நிமிர்த்தினார், மற்றவர் இரண்டாவது முறையும் உதறினார். இரண்டாவது உதறலில் மணிகளும் போய்விட்டன. கருவி எண்ணிய மணிகள் சில குழிகளில் நாற்பதுக்கும் கீழே. முதலாமவரும் குற்றமற்றவரல்ல, அவருடைய குழிகளில் கழுவாத நீர் மிஞ்சியிருந்தது. அடியில் நிற்கும் திரவத்தின் உயரத்தை ஒரு மாதிரித் தட்டில் காட்டி இருவருக்கும் ஒரே கை வரும்வரை வெறும் நீரில் பழக்கினோம். வெற்றிட உறிஞ்சி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் வடிகட்டித் தட்டின் அழுத்தத்தை அவர்கள் கவனிக்க வேண்டும்.

மணி எண்ணிக்கை ஐம்பதுக்குக் கீழே போன குழியின் எம்.எஃப்.ஐ.யை அறிக்கையில் சேர்க்காதீர்கள். ஒளிரும் ஃபைக்கோஎரித்ரின் வெளிச்சத்தில் மங்குவதால் அடைகாக்கும் நேரம் முழுவதும் தட்டை மூடி வையுங்கள். மின்தடைக்குப் பிறகு ஏ.சி. திரும்ப ஓடத் தொடங்கியதா என்று பார்க்காமல் தட்டை அலமாரியில் வைக்காதீர்கள். கருவியை அரை மணி நேரம் சூடேற விட்டு, அளவுத்திருத்தம் முடித்த பிறகே ஓட்டுங்கள்.

புதிய லாட் (தயாரிப்புத் தொகுதி) பெட்டி வந்தால் நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது. எதிர்ப்பொருள் விவரம் நன்கு தெரிந்த சில சீரங்களை, பலமானது, நடுத்தரமானது, எல்லைக்கோட்டில் நிற்பது என்று தேர்ந்தெடுத்துப் பழைய லாட்டிலும் புதிய லாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். அவற்றோடு, சொந்தமாகத் தயாரித்த ஒரு கட்டுப்பாட்டுச் சீரத்தை ஒவ்வோர் ஓட்டத்திலும் சேர்த்து அதன் எண்ணை வரைபடத்தில் குறித்து வந்தால், கோடு மெதுவாகச் சரிவது மூன்று வாரங்களுக்கு முன்பே கண்ணில் படும். எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரே சீரம் ஓட்டத்துக்கு ஓட்டம் இருபது முப்பது விழுக்காடு மாறக்கூடும். எனவே போன மாதம் 3,000, இந்த மாதம் 3,500 என்றால் எதிர்ப்பொருள் கூடிவிட்டது என்று சொல்ல முடியாது. பழைய சீரத்தையும் புதிய சீரத்தையும் ஒரே தட்டில் ஓட்டினால் சொல்லலாம். உறைநிலையில் பழைய சீரத்தைப் பாதுகாப்பதன் பயன் அங்கே தெரியும்.

கிராஸ்மேட்சில் கவனிக்க வேண்டியவை

மணி முறை வந்த பிறகும் கிராஸ்மேட்சை விட்டுவிட முடியாது, ஏனென்றால் நம் மக்களிடம் உள்ள எல்லா அலீல்களும் பெட்டியில் வரும் மணிகளில் இருப்பதில்லை. செல் பரிசோதனையில் முதலில் கவனிக்க வேண்டியது, டி செல்லில் முதல் வகுப்பு மட்டுமே உள்ளது, பி செல்லில் இரண்டு வகுப்புகளும் உள்ளன என்பது. டி பாசிட்டிவ், பி நெகட்டிவ் என்று வந்தால் எச்.எல்.ஏ. எதிர்ப்பொருளால் அதை விளக்க முடியாது. வேறு காரணத்தைத் தேடுங்கள்.

காம்ப்ளிமென்ட் முறையில் வரும் பாசிட்டிவ் பல நேரங்களில் தன் செல்களையே தாக்கும் தீங்கற்ற ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்பொருள் வகையால் வருகிறது. டி.டி.டி. (டைத்தியோத்ரைட்டால்) சேர்த்தால் அது உடைந்து பரிசோதனை நெகட்டிவ் ஆகும். டி.டி.டி. காற்றில் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து வீரியம் இழப்பதால் சிறு அளவுகளாக உறையவைத்து ஒரு முறை மட்டும் பயன்படுத்துங்கள். கூடவே நோயாளியின் சீரத்தை அவருடைய சொந்தச் செல்களோடும் ஓட்டிப் பாருங்கள். இந்தத் தன்-கிராஸ்மேட்ச் இல்லாமல் பாசிட்டிவுக்குப் பொருள் சொல்வது இருட்டில் தடவுவது போல.

ஃப்ளோ முறையில் குழாய்க்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் செல்கள் என்ற அளவைக் கறாராகப் பின்பற்றுங்கள். செல்கள் அதிகமானால் பலவீனமான எதிர்ப்பொருள் அவற்றிடையே பங்குபோய் மறையும். கழுவுதல் குறைந்தால் மிஞ்சிய சீரத்தின் ஐ.ஜி.ஜி. ஒளிரும் எதிர்ப்பொருளைத் தின்றுவிடும். பாசிட்டிவ் என்று சொல்வதற்கான எல்லையை மற்றோர் ஆய்வகத்திலிருந்து கடன் வாங்காதீர்கள். இரத்தம் ஏற்றாத, ஏபி வகை ஆண்கள் பலரின் சீரத்தை உங்கள் கருவியில் உங்கள் கையால் ஓட்டி, அந்த எண்களிலிருந்து எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள். ரிட்டுக்சிமாப் பெற்றவர்களுக்குச் செல்களைப் புரோனேஸ் நொதியால் பதப்படுத்தினால் மருந்து ஒட்டும் புரதம் நீங்கிவிடும். அளவு கூடினால் அது எச்.எல்.ஏ.வையும் கடிக்கும், சில சீரங்களில் டி செல்லைப் பொய்யாகப் பாசிட்டிவ் ஆக்கும். ஆகவே பதப்படுத்திய செல், பதப்படுத்தாத செல் இரண்டையும் சேர்த்து ஓட்டி இரண்டு விடைகளையும் எழுதுங்கள்.

மூளைச்சாவு அடைந்த கொடையாளியின் உறுப்புக்காக நள்ளிரவில் அழைப்பு வரும்போது இவற்றையெல்லாம் செய்ய நேரமிருக்காது. காத்திருப்புப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரின் சீரமும் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது புதுப்பிக்கப்பட்டு, மணிப் பரிசோதனை முடிந்து, ஏற்கத்தகாத ஆன்டிஜென்களின் பட்டியல் எழுதப்பட்டிருந்தால்தான் கொடையாளியின் எச்.எல்.ஏ. விவரம் வந்ததும் காகிதத்திலேயே பொருத்திப் பார்க்க முடியும். கொடையாளியின் விவரத்தில் டி.க்யூ.ஏ.1, டி.பி.பி.1 இரண்டும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். டி.க்யூ. மூலக்கூறின் இரு சங்கிலிகளும் ஆளுக்கு ஆள் மாறுபவை. பீட்டாச் சங்கிலியை மட்டும் வகையறிந்தால் ஆல்ஃபாவுக்கு எதிரான எதிர்ப்பொருள் கண்ணில் படாது. உறுப்பு மாற்றுக்குப் பிறகு புதிதாக முளைக்கும் எதிர்ப்பொருள்களில் டி.க்யூ.வுக்கு எதிரானவையே மிகுதி என்பதால் இது வீண் செலவல்ல.

அறிக்கையில் எழுத வேண்டியது

பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற ஒற்றைச் சொல் மருத்துவருக்குப் போதாது. எந்தத் தேதியில் எடுத்த சீரம், அதற்கு முன் எப்போது இரத்தம் ஏற்றப்பட்டது, ஈ.டி.டி.ஏ. சேர்க்கப்பட்டதா, எத்தனை மடங்கு நீர்க்கப்பட்டது, எந்த லாட், கொடையாளியின் எந்த ஆன்டிஜெனுக்கு எதிராக எவ்வளவு, அந்த எண் பொது அடையாளத்தால் பங்குபோயிருக்கலாமா என்று எழுதுங்கள். பழைய சீரங்களில் மிக உயர்ந்த எண் எது என்பதையும் சேருங்கள். இன்று மறைந்திருக்கும் எதிர்ப்பொருள் ஐந்து ஆண்டுகளுக்கு முன் இருந்திருந்தால் நினைவுச் செல்கள் இருக்கின்றன. உங்களிடம் சோதிக்க மணி இல்லாத அலீல் கொடையாளியிடம் இருந்தால், நெகட்டிவ் என்று எழுதாமல், சோதிக்கப்படவில்லை என்று எழுதுங்கள்.

குடியாத்தத்துப் பெண்மணியின் அறிக்கையில் நாங்கள் நான்கு கர்ப்பங்களையும் இரண்டு பாட்டில் இரத்தத்தையும் முதல் வரியில் எழுதினோம். நீர்க்காத சீரத்திலும் நீர்த்த சீரத்திலும் கணவரின் ஓர் ஆன்டிஜெனுக்கு எதிரான எதிர்ப்பொருள் தெரிந்தது. பி செல் ஃப்ளோ கிராஸ்மேட்சும் பாசிட்டிவாக வந்தது. சிறுநீரக மருத்துவர் அந்த முதல் வரியைப் படித்துவிட்டு, கணவரை விடுத்து, அந்த அம்மாளின் அண்ணனை அழைத்துவரச் சொன்னார். அவருடைய இரத்தம் அடுத்த திங்கட்கிழமை எங்களிடம் வந்தது. குழாயின் வெப்பநிலை 23 டிகிரி என்று பதிவேட்டில் இருக்கிறது.